வெல்லம் ஏற்றிய மறுநாள்

இருபத்தாறு வருசம் ஜீப் ஓட்டியிருக்கிறேன். என் வண்டியில் ஏறியவர்களில் யானையைப் பார்க்காமல் திரும்பியவர்கள் நிறையப் பேர். திரும்பாமல் போனவர் ஒருவர்கூடக் கிடையாது. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். ஒழுங்காக வேலை பார்த்தவன் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டால் குடி முழுகிவிடாது.

போன மாதம் கம்பம் ஜீப் ஸ்டாண்டுப் பக்கம் போயிருந்தேன். புது வண்டி ஒன்றின் கதவில் தும்பிக்கை தூக்கிய யானையை வரைந்து, கீழே ‘யானை நிச்சயம்’ என்று எழுதியிருந்தார்கள். எந்த யானை உங்களிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது என்று கேட்டேன். சிரித்தார்கள். இப்போதெல்லாம் யானை எங்கே நிற்கிறது என்று போனிலேயே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்களாம்.

“ஒங்க காலத்துல என்னண்ணே செஞ்சீக?” என்று ஒரு டிரைவர் கேட்டார்.

“வண்டியக் கழுவுனோம்” என்றேன்.

நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் டீக்குச் சொல்லப் போய்விட்டார். கிண்டல் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

லாரியில் கிளீனராக நாலு வருசம் இருந்துவிட்டு, லைசென்ஸ் வாங்கிக்கொண்டு அறுபதுகளின் கடைசியில் ஜீப் ஸ்டாண்டில் சேர்ந்தேன். எங்கள் முதலாளிக்கு மூன்று ஜீப்புகள். வாரநாட்களில் கம்பத்திலிருந்து மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு அரிசி, வாழைத்தார், ஓலைச் சிப்பமாகக் கட்டிய மண்டை வெல்லம் எல்லாம் ஏற்றிப் போவோம். ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு யானை காட்டப் போவோம். காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பிவிடலாம். டிரைவரும் நான்தான், வழி காட்டுகிறவனும் நான்தான்.

இடம் குமுளிக்கு அப்பால். முதலாளிக்குத் தெரிந்தவர் ஒருவருடைய ஏலத்தோட்டம் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், புல் மண்டிய ஈரப்பள்ளம் ஒன்று உண்டு. ஊத்துப்பள்ளம் என்போம். கோடையிலும் தண்ணீர் வற்றாது. மதியம் மூன்று மணிக்கு மேல் யானைகள் இறங்கும். இறங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மதுரையிலிருந்து வந்த ஒரு பெரிய ஆபீசர் நாலு மணி வரை உட்கார்ந்துவிட்டு, “எங்கய்யா யானை?” என்று என்னை அதட்டினார். ஆவி பறக்கிற யானை லத்தியைக் காட்டி, “இப்பத்தான் சார் எந்திரிச்சுப் போயிருக்கு. ஒங்களுக்காக இருக்கச் சொல்லி யாரும் சொல்லல போல” என்றேன். அவரோடு வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

ஸ்டாண்டை நடத்தியவர் மேனேஜர் இஸ்மாயில் ராவுத்தர். முதலாளிக்குத் திராட்சைத் தோட்டத்தைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது. ராவுத்தரை நான் மாமா என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். உறவு இல்லாவிட்டாலும் எங்கள் பக்கம் அப்படித்தான். முன்பு போடியில் ஏலக்காய் மண்டியில் இருந்தவர். ஒரு பிடி ஏலக்காயை மூக்கருகில் கொண்டுபோனாலே எந்த மலைச் சரக்கு, எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லிவிடுவார். அந்த மூக்கைத்தான் ஜீப் ஸ்டாண்டுக்கும் கொண்டுவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி கிளம்புவதற்கு முன், தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வேட்டியை மடித்துக்கட்டி, வண்டியின் பின்பக்கம் தலையை நுழைத்து மோப்பம் பிடிப்பார். வாழைப்பழ வாசனை வந்தால் இறக்கு. திராட்சைக் கூடை இருந்தால் இறக்கு. பெண்கள் தலையில் மல்லிகை இருந்தால் குமுளி டீக்கடையில் வாழையிலையில் சுற்றி வைத்துவிட்டு, திரும்பும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். டீக்கடைக்காரர் அதற்கென்றே சுவரில் வரிசையாக ஆணி அடித்து வைத்திருந்தார். பள்ளத்தில் நிறுத்தும்போது வண்டியின் மூக்கு திரும்புகிற பாதையை, அதாவது இறக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். எஞ்சினை அணைத்து, கியரை இரண்டில் போட்டு, கிளட்ச்சையும் பிரேக்கையும் மிதித்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தக் காலத்து பேட்டரியை நம்ப முடியாது, ஹேண்ட் பிரேக்கை அதைவிட நம்ப முடியாது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி உருளும், உருண்டால் எஞ்சின் பிடிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் இருந்தது. வெல்லம் ஏற்றிய வண்டி மறுநாள் ஆள் ஏற்றுவதாக இருந்தால் ரப்பர் பாயைத் தூக்கிவிட்டு மூன்று வாளி ஊற்ற வேண்டும். முதல் வாளி வெந்நீர், அடுத்தது சாம்பல் கரைத்தது, மூன்றாவது நல்ல தண்ணீர். பிறகு வெயிலில் காயவேண்டும். “நமக்கு வெல்லம் சிப்பத்துல இருக்கு மாப்ளே. யானைக்கு அது காத்துல இருக்கு” என்பார்.

வேடிக்கை என்னவென்றால், இத்தனை சட்டம் எழுதிய ராவுத்தர் ஒருநாளும் காட்டுக்குள் காலடி எடுத்து வைத்ததில்லை. நாங்கள் திரும்பி வந்ததும் ஸ்டூலில் உட்காரவைத்து, காற்று எந்தப் பக்கம் அடித்தது, யானை காதை எப்படி வைத்திருந்தது என்று வக்கீல் மாதிரி துருவித் துருவிக் கேட்டு, ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். “நீங்களே ஒருதரம் வந்து பாருங்களேன் மாமா” என்றால், “பார்ப்போம், பார்ப்போம்” என்று நோட்டைப் புரட்ட ஆரம்பித்துவிடுவார். அவருக்கு யானை என்றால் பயம் என்று ஸ்டாண்டு முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியதே நான்தான்.

எழுபதுகளின் நடுவில், ஒரு ஐப்பசி மாதம். நான் அப்போது நல்ல தேர்ந்த டிரைவர். தேர்ந்த டிரைவர் என்று எனக்கே தெரிந்துவிட்டது, கோளாறே அங்கேதான். சனிக்கிழமை முழுக்க அடைமழையில் வெல்லச் சிப்பம் ஏற்றி மலைக்குப் போய்வந்தேன். மழை ஈரம் பட்டால் வெல்லம் இளகும். பாகு ஓலையைத் தாண்டிக் கசிந்து, பாய்க்கு அடியில் விரித்திருந்த சாக்கு வரை இறங்கியிருந்தது. மறுநாள் காலை ஸ்டார்ட்டர் மக்கர் செய்தது. மெக்கானிக்கை எழுப்பிக் கூட்டிவந்து அதைச் சரிபார்ப்பதற்குள் ஒன்பது மணியாகிவிட்டது. ராவுத்தர் உத்தமபாளையத்தில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். முகர்ந்து பார்க்க ஆள் இல்லை. பாய்க்கு மேலே துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுத்தேன். எஞ்சின் நன்றாக இருக்கும்போது வாசனையைப் பற்றி என்ன கவலை என்று நினைத்தேன். அப்படி நினைத்தது எனக்கு இன்றைக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அன்று வந்தவர்கள் மூன்று பேர். தேனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த தேவசகாயம், அவர் மனைவி கிரேஸ், நர்சிங் படித்துக்கொண்டிருந்த மகள் மேரி. கிரேஸ் அம்மாவுக்குச் சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப் போயிருந்தது. முழங்காலுக்கு மேல்வரை இரும்புப் பட்டை போட்டு, கையில் தடியும் வைத்திருந்தார். அவரை முன்சீட்டில் என் பக்கத்தில் ஏற்றிவிட்டு, அப்பாவும் மகளும் பின்னால் எதிரெதிராக உட்கார்ந்துகொண்டார்கள். குமுளியில், பூ இருந்தால் கொடுத்துவிடச் சொன்னேன்.

“நாங்க பூ வைக்கிறதில்ல தம்பி. அந்த வேல ஒங்களுக்கு மிச்சம்” என்றார் கிரேஸ் அம்மா.

பள்ளத்தின் ஓரத்தில் வண்டியை ரிவர்ஸில் ஏற்றி, மூக்கை இறக்கத்துக்குத் திருப்பி நிறுத்தினேன். எங்களுக்கு இடப்பக்கம் பள்ளம், பின்னால் வலப்பக்கமாக மூங்கில் புதர். ஒரு சிட்டிகை தூசியை விட்டுப் பார்த்தேன். காற்று பள்ளத்திலிருந்து எங்களைத் தாண்டி மூங்கில் பக்கம் போனது. நல்லது, தண்ணீருக்கு வருகிற கூட்டத்துக்கு எங்கள் வாடை போகாது. அரைமணி நேரத்தில் ஏழு யானைகள் இறங்கின. ஒரு குட்டி தாயின் காலுக்கடியில் புகுந்து புகுந்து வந்தது.

கிரேஸ் அம்மா குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, “கோயில் யானைதான் பாத்திருக்கேன் தம்பி. சங்கிலி இல்லாம எப்படி நடக்கும்னு பாக்கணும்னு ஆச” என்றார். அவர் கை இரும்புப் பட்டையின் மேல் இருந்தது. இந்தத் தொழிலுக்கு வந்ததில் அன்றைக்கு வந்த சந்தோசம் அதற்கு முன் வந்ததில்லை.

பின்னால் மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். தனிக்கொம்பன் ஒன்று, தும்பிக்கையை உயர்த்திக் காற்றைப் பிடித்தபடி வந்தது. பாதையைக் கடந்து தண்ணீருக்குப் போகும் என்று நினைத்து, யாரும் அசைய வேண்டாம் என்று கை காட்டினேன். அது கடக்கவில்லை. நேராக எங்கள் பின்பக்கம் வந்து நின்றது. கான்வாஸை ஒதுக்கிக்கொண்டு தும்பிக்கை உள்ளே வந்தது. தேவசகாயத்துக்கும் மேரிக்கும் நடுவில் தரையைத் தடவித் தடவி, ரப்பர் பாயின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கியது. வண்டி முழுக்க வெல்ல வாசனை அடித்தது.

அது எதைத் தேடி வந்தது என்று அந்த வண்டிக்குள் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பிரேக்கை விட்டுவிடலாம்தான். ஆனால் மேரி உட்கார்ந்திருந்தது பலகையின் கடைசியில். அவள் முழங்காலுக்கும் தும்பிக்கைக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. பாயைப் பிடித்திருக்கிற யானையோடு வண்டியைக் குலுக்கி இழுத்தால் பிள்ளை வெளியே யானையின் காலடியில் விழுவாள். இறங்கி ஓடலாம் என்றால் கிரேஸ் அம்மாவால் ஓட முடியாது. அவருக்கும் அது தெரிந்திருந்தது.

“தம்பி” என்றார், என்னைப் பார்க்காமலே. “என்னால ஓட முடியாது. நீங்க அவுகளையும் பிள்ளையையும் எறக்கிக் கூட்டிட்டுப் போயிருங்க.”

“அம்மா, என் காலு பிரேக்குல இருக்கு. எடுத்தா வண்டி போயிரும்.”

அவர் ஒரு மூச்சு விட்டார். “அப்ப நீங்களும் என்ன மாதிரிதான்” என்றார்.

அந்த வார்த்தைதான் எனக்கு நிதானத்தைக் கொடுத்தது. திரும்பாமலே, கூப்பிடுகிற குரலில் இல்லாமல் பேசுகிற குரலில் சொன்னேன். “மேரி, அப்பா கையப் பிடிச்சுக்கம்மா. பயப்படாத. பாய்க்கு அடியில சாக்கு ஒண்ணு இருக்கும். ஒங்கால்ல அத மெதுவா வெளிய தள்ளு. தும்பிக்கையத் தொட்டுராத.”

அந்தப் பிள்ளை அழவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, பாகு ஊறிய சாக்கைக் கால்விரலால் அங்குலம் அங்குலமாகத் தள்ளினாள். தும்பிக்கை பாயை விட்டுவிட்டுச் சாக்கைப் பிடித்தது. ஒரு இழுப்பு. சாக்கு போனது, அதோடு கான்வாஸும் பாதி கிழிந்து போனது. தேவசகாயம் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் காலை எடுத்தேன். வண்டி உருண்டது. கிளட்ச்சை விட்டேன். முதல் குலுக்கலில் பிடிக்கவில்லை, இரண்டாவதில் இருமியது, மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. வளைவில் திரும்பிப் பார்த்தபோது கொம்பன் எங்களைச் சட்டையே செய்யவில்லை. சாக்கைக் காலில் மிதித்துக்கொண்டு ஓரத்தை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

கம்பம் வந்து இறங்கியதும் தேவசகாயம் ஸ்டாண்டில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். “இவர் இல்லன்னா எங்க குடும்பமே இல்ல.” யானைக்குத் திடீரென்று கிறுக்குப் பிடித்துவிட்டது, டிரைவரின் தைரியத்தால் பிழைத்தோம் என்பது அவர் கணக்கு. டிரைவர்கள் என் முதுகில் தட்டினார்கள். டீக்கடையில் எனக்கு மட்டும் பன் பட்டர் தனியாக வந்தது. கிரேஸ் அம்மா என் தலையில் கை வைத்து ஜெபம் செய்தார். நான் பன்னையும் தின்றேன், ஜெபத்தையும் வாங்கிக்கொண்டேன். அவர்கள் பஸ் ஏறிய பிறகு ஆறு வாளித் தண்ணீர் ஊற்றி வண்டியைக் கழுவினேன்.

மறுநாள் வந்த ராவுத்தர் வண்டிக்குள் தலையை நுழைத்து முகர்ந்தார். சாம்பல் வாசனை தவிர ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும்.

“எதுக்கு மாப்ளே அது பின்னாடி வந்துச்சு?”

“தனிக்கொம்பன் மாமா. அதுக்கு என்ன கிறுக்கோ” என்றேன்.

அவர் தலையாட்டினார். நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை.

நாலாம் நாள் தேனியிலிருந்து ஒரு பார்சல் வந்தது. பெரிய எவர்சில்வர் தூக்குவாளி. அதன் வயிற்றில் என் பெயரை வெட்டி, அதற்குக் கீழே ‘எங்களைக் காத்தவருக்கு’ என்று வெட்டியிருந்தது. டிரைவர்கள் கைக்குக் கை மாற்றிப் பார்த்தார்கள். என் கைக்கு வந்தபோது அதைப் பிடிக்க முடியவில்லை. வெட்கம் என்று சொன்னால் போதாது. அருவருப்பாக இருந்தது. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நேராக ராவுத்தரின் மேசைக்குப் போனேன்.

“மாமா, வெல்லம் ஏத்துன வண்டி அது. நான் கழுவல. ஸ்டார்ட்டரப் பாத்தேன், இதப் பாக்கல. ஒங்ககிட்டயும் பொய்தான் சொன்னேன்.”

ராவுத்தர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கையை நீட்டினார். “சாவியக் குடு.” கொடுத்தேன். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “எங்கிட்டச் சொன்னது பத்தாது. அவுககிட்டப் போயிச் சொல்லிட்டு வா.”

அன்றைக்கே பஸ் ஏறினேன். தேனி பஜாரில் அந்தக் கடையின் கல்லாவுக்கு முன் நின்று, ஒன்றுவிடாமல் சொன்னேன். தேவசகாயத்தின் முகம் மெதுவாகச் சிவந்தது. “எம்மக கால் பக்கத்துல...” என்று ஆரம்பித்தவர், எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் தூக்குவாளியைக் கல்லாவின் மேல் வைத்தேன்.

பாத்திர அடுக்குக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்த கிரேஸ் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “எடுத்துட்டுப் போங்க தம்பி. பேர் வெட்டுன சாமானை நாங்க யாருக்கு விக்கிறது?” என்றார். பிறகு, “தெனம் அதுலயே தண்ணி குடிங்க. மறக்காம இருக்கும்” என்றார். அதில் கோபமும் இருந்தது, கோபத்தைத் தாண்டிய ஒன்றும் இருந்தது. இன்றைக்கும் அதில்தான் தண்ணீர் குடிக்கிறேன்.

ராவுத்தர் சாவியைத் திருப்பித் தந்தார். ஆனால் ஆள் ஏற்றக் கூடாது, சரக்கு மட்டும் என்றார். ஒரு மாதம் அப்படியே ஓடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வேலை போகப்போகிறது, நல்ல நாள் பார்த்துச் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

ஐந்தாவது ஞாயிறு காலையில் ஸ்டாண்டுக்கு வந்தார். சலவைச் சட்டை, கக்கத்தில் குடை, காலில் செருப்புக்குப் பதிலாக ஷூ. அவரை ஷூ போட்டு நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை.

“வண்டிய எடு மாப்ளே.”

“எங்க மாமா?”

“ஊத்துப்பள்ளத்துக்கு.”

டிரைவர்கள் எல்லோரும் வாய் பார்த்து நின்றார்கள். “இத்தன வருசமா வராத ஆளு, எங்கூடப் போயி வாரீகளே” என்றேன்.

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். “நான் இங்கன வந்த நாள்லேர்ந்து, கேட்டப்பல்லாம் எல்லாரும் கழுவிட்டேன்னுதான் சொன்னாக. ஒருத்தர்கூட கழுவலன்னு சொன்னதில்ல. அதெப்படி ஒரு நாள்கூடக் கழுவாம இருந்திருக்க மாட்டாக? எத நம்பி நான் ஏறுறது? நீ ஒருத்தன்தான் கழுவலன்னு சொன்னவன்.” முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, குடையை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டார். “இன்னைக்கு வண்டி கழுவியிருக்கா?”

“கழுவியிருக்கேன் மாமா.”

“அப்பச் சரி, போ” என்றார். அன்றைக்கு அவர் வண்டியை முகர்ந்து பார்க்கவில்லை.